மனு வேற, விண்ணப்பம் வேற

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், "வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுவது எப்படி?" என்ற தலைப்பில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்க குழுக் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம் நிறைய சகோதரிகள் ஒரே விஷயத்தைக் கேட்கறீங்க. "பிள்ளைங்க பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிடுச்சு. ஏதாவது வேலைக்குப் போகலாம்னு இருக்கோம். ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்க" என்று கேட்கறீங்க. எழுதிக் கொடுப்பது பெரிய விஷயம் இல்லை. பத்து நிமிஷத்தில் எழுதிவிடலாம். ஆனால் நாளைக்கு நேர்முகத்தில், "இதில எழுதியிருக்கிறதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான். எழுதிக் கொடுத்தவங்க பக்கத்தில் இருக்க மாட்டாங்க. அதனால் இன்றைக்கு நாம் எல்லோரும் சேர்ந்து எழுதப் பழகப் போகிறோம்.

நம் கைக்குப் பழகிய கடிதம் எது?

யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதினோம். அதற்குப் பிறகு நாம் எழுதிய கடிதம் எல்லாம் மனுதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் என்றால் மனு. தண்ணீர் வரவில்லை என்றால் மனு. பட்டாவுக்கு மனு, உதவித்தொகைக்கு மனு. மனுவில் நம் கஷ்டத்தை முதலில் சொல்கிறோம். அது சரிதான். அங்கே நாம் கேட்பது நமக்குச் சேர வேண்டிய ஒன்று. அதைக் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை. அதனால் கஷ்டத்தைச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் வேலைக்கு எழுதுவது மனு இல்லை. அது விண்ணப்பம். வேலை கொடுப்பவர் மனதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். "இந்த அம்மா வந்தா நம்ம வேலை நடக்குமா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற கடிதம்தான் நல்ல விண்ணப்பம்.

ஒரு குழு உறுப்பினர் ஒரு தனியார் பள்ளிக்கு எழுதி, அனுப்புவதற்கு முன் எங்களிடம் காட்டிய கடிதத்தை, அவர் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் சொல்லாமல் இங்கே படிக்கிறோம்.

"ஐயா, நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள். என் கணவர் கூலி வேலை செய்கிறார். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். ஐயா அவர்கள் எங்கள் குடும்பச் சூழ்நிலையைக் கருணையோடு பரிசீலித்து, ஏதாவது ஒரு வேலை தந்து உதவுமாறு பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் படித்தவருக்கு என்ன தெரிந்தது? எந்த வேலை கேட்கிறார் என்று தெரியவில்லை. பிளஸ் டூ பாஸ் செய்தவர் அவர். அது கடிதத்தில் இல்லை. ஆறு வருஷமாகக் குழுவின் கணக்கை ஒரு ரூபாய் தவறாமல் எழுதி வருகிறார். அதுவும் இல்லை. கடைசியில் போன் நம்பரும் இல்லை! தாளாளர் மனம் இளகிக் கூப்பிட நினைத்தாலும் எப்படிக் கூப்பிடுவார்?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. "ஏதாவது ஒரு வேலை, எவ்வளவு கொடுத்தாலும் சரி" என்று எழுதும்போது நம் சம்பளத்தை நாமே குறைத்துவிடுகிறோம். கருணைக்கு வேலை கொடுத்தவர் சம்பளத்தையும் கருணையாகத்தான் கொடுப்பார். பிறகு கூலியை உயர்த்திக் கேட்க நமக்கே நாக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதத்தை நாங்க சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

"நாங்க சும்மாதானே இருக்கோம்"

"என்ன அனுபவம் இருக்கு?" என்று கேட்டால் உடனே வரும் பதில் இது. "எங்களுக்கு என்ன தெரியும்? வீட்லதான் இருக்கோம். குழுவுக்குப் போய் வர்றதோட சரி."

சகோதரிகளே, 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் நம் மாநிலத்து மகளிர் குழுத் திட்டம் தொடங்கியபோது, கைநாட்டு வைத்த பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அப்படித் தொடங்கிய வழியில் வந்தவர்கள்தான் இன்று தீர்மானம் எழுதுகிறார்கள், கடன் பேரேடு போடுகிறார்கள், வங்கி மேலாளர் எதிரில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இதெல்லாம் வேலை இல்லையா? இதையே ஒரு அலுவலகத்தில் செய்பவருக்குக் கணக்காளர், எழுத்தர் என்று பெயர்.

நாம் வாயால் சொல்வதை எழுத்தில் எப்படி மாற்றுவது என்று பாருங்கள்.

நாம் சொல்வது: "குழு கணக்கு நான்தான் பாக்குறேன்."
எழுத வேண்டியது: "15 உறுப்பினர்கள் கொண்ட குழுவின் ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு ஆகியவற்றை 6 ஆண்டுகளாக எழுதி வருகிறேன்."

நாம் சொல்வது: "பேங்குக்கு நான்தான் போவேன்."
எழுத வேண்டியது: "குழுவின் பணத்தை வங்கியில் செலுத்துவது, எடுப்பது, கடனுக்கு வேண்டிய ஆவணங்களைத் தயார் செய்வது ஆகியவற்றைச் செய்கிறேன்."

நாம் சொல்வது: "ஸ்கூல்ல காலை டிபன் செய்றேன்."
எழுத வேண்டியது: "முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், அரசுத் தொடக்கப்பள்ளியில் 2 ஆண்டுகளாகத் தினமும் 45 குழந்தைகளுக்குக் குறித்த நேரத்தில் சமைத்துப் பரிமாறுகிறேன்."

நாம் சொல்வது: "தைக்கத் தெரியும்."
எழுத வேண்டியது: "பவர் மிஷினில் பள்ளிச் சீருடை தைக்கத் தெரியும். 3 ஆண்டுகள் தைத்திருக்கிறேன்."

கவனித்தீர்களா? மூன்று விஷயம் இருந்தால் போதும். என்ன செய்தேன்? எவ்வளவு, எத்தனை வருஷம் செய்தேன்? யாரைக் கேட்டால் தெரியும்? மூன்றாவதற்குக் குழுவின் தணிக்கை அறிக்கை, பயிற்சிச் சான்றிதழ், கூட்டமைப்பு கொடுக்கும் அனுபவக் கடிதம் எல்லாம் சாட்சி. அனுபவக் கடிதம் வேண்டும் என்றால் கூட்டமைப்பிடம் கேளுங்கள். உண்மையில் செய்த வேலைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள். போனில் வாட்ஸ்அப் பார்க்கத் தெரிந்தால் அது கம்ப்யூட்டர் தெரிந்ததாக ஆகாது. "கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதினால் அதற்கு மரியாதை உண்டு. பொய் எழுதினால் முதல் நாளே தெரிந்துவிடும்.

கடிதத்தின் அமைப்பு

வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் போதும். இடது பக்கம் இரண்டு விரல் அளவு இடம் விடுங்கள். நீல மையோ கருப்பு மையோ, ஏதாவது ஒன்றில் முழுக்க எழுதுங்கள். கையெழுத்து சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்து, பிறகு நல்ல தாளில் எழுதுங்கள். 'பெறுநர்' என்பதற்கு வல்லின 'று' போடணும். நிறையப் பேர் 'பெருநர்' என்று எழுதுகிறார்கள்.

முதலில் பார்த்த அதே சகோதரி, அதே பள்ளிக்கு, மறுபடி உட்கார்ந்து எழுதிய கடிதம் இது. இதை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படியே காப்பி அடிக்காதீர்கள். உங்கள் வேலை, உங்கள் எண்ணிக்கை, உங்கள் ஊரை எழுதுங்கள்.

அனுப்புநர்:
(பெயர், வீட்டு எண், தெரு, ஊர், அஞ்சல், பின்கோடு, கைபேசி எண்)

பெறுநர்:
தாளாளர் அவர்கள், (பள்ளியின் பெயர், ஊர்)

ஐயா / அம்மையீர்,

பொருள்: அலுவலகக் கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்தல் தொடர்பாக.
பார்வை: பள்ளி அறிவிப்புப் பலகையில் (தேதி) அன்று வெளியான அறிவிப்பு.

வணக்கம். மேலே கண்ட அறிவிப்பில் உள்ள அலுவலகக் கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் தேர்ச்சி பெற்றுள்ளேன்.

எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் 6 ஆண்டுகளாக ஊக்குநராக இருக்கிறேன். 15 உறுப்பினர்களின் சேமிப்பு, கடன் கணக்குகளை நானே எழுதுகிறேன். மாதம் சுமார் 40,000 ரூபாய் வரவு செலவுக்கு ரசீது போட்டு, ரொக்கப் புத்தகத்தில் ஏற்றி, வங்கியில் செலுத்துகிறேன். குழுவின் கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்டுள்ளது.

கட்டணம் வாங்கி ரசீது போடுவது, பதிவேடு எழுதுவது, பெற்றோரிடம் பொறுமையாகப் பதில் சொல்வது ஆகிய வேலைகளை என்னால் நன்றாகச் செய்ய முடியும். கணினியில் கணக்கு ஏற்றக் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

பள்ளியிலிருந்து 4 கிலோமீட்டர் தூரத்தில் குடியிருக்கிறேன். காலை 8.30 மணிக்குள் பணிக்கு வர முடியும். நேர்முகத்துக்கு அழைத்தால் அசல் சான்றிதழ்களுடன் வருகிறேன்.

நன்றி.

இடம்:
நாள்:
இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து, பெயர்)

இணைப்பு: 1. மதிப்பெண் சான்றிதழ் நகல் 2. மாற்றுச் சான்றிதழ் நகல் 3. கூட்டமைப்பின் அனுபவக் கடிதம்

அவ்வளவுதான். வாடகை வீடு, கூலி வேலை எதுவும் இதில் இல்லை. கஷ்டத்தை மறைக்கவில்லை, இந்தக் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை. "பாதம் பணிந்து" என்பதும் இல்லை. 'வணக்கம்' இருக்கிறது, 'நன்றி' இருக்கிறது. மரியாதைக்கு அது போதும்.

கடைசிப் பத்தியையும் கவனியுங்கள். "எந்த நேரத்துக்கு வர முடியும்?" என்பது வேலை கொடுப்பவருக்கு முக்கியம். எழுதுவதற்கு முன்னால் பஸ் நேரத்தைப் பாருங்கள். வீட்டில் பேசிவிடுங்கள். பிள்ளையை யார் கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள், மாமியார் பார்த்துக்கொள்வார்களா என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். வேலை கிடைத்த பிறகு, "வீட்டில வேண்டாம்னுட்டாங்க" என்றால் அடுத்து வரும் நம் ஊர்ப் பெண்ணுக்கும் அந்த இடத்தில் வேலை கிடைக்காது.

கஷ்டத்தைச் சொல்ல வேண்டிய இடமும் உண்டு

அரசு வேலை அறிவிப்புகள் சிலவற்றில் விதவைகள், ஆதரவற்ற பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை அல்லது வயதுச் சலுகை இருக்கும். அங்கே அவசியம் குறிப்பிட வேண்டும். அது உங்கள் உரிமை. ஆனால் அதைக் கதையாக எழுத வேண்டாம். "நான் ஆதரவற்ற விதவை. சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். பத்து வரி கண்ணீரைவிட ஒரு சான்றிதழுக்குப் பலம் அதிகம். ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் கொடுப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழ் வட்டாட்சியர் கொடுப்பது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை எல்லாம் முடிய நாளாகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல், தகுதி உள்ளவர்கள் இப்போதே வாங்கி வையுங்கள்.

அரசு அறிவிப்பில் கவனிக்க வேண்டியவை

அரசு வேலைகளுக்கு விண்ணப்பப் படிவம் கொடுத்திருந்தால் அந்தப் படிவத்தில்தான் எழுத வேண்டும். தனிக் கடிதம் எழுதினால் தள்ளிவிடுவார்கள். கல்வி, வயது, குடியிருக்கும் ஊர், கடைசித் தேதி ஆகிய நான்கையும் அடிக்கோடு போட்டுப் படியுங்கள். போன தடவை இருந்த விதி இந்தத் தடவை இருக்காது. முன்பெல்லாம் அங்கன்வாடிப் பணியாளருக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்று இருந்தது. 2025 ஏப்ரலில் வந்த அறிவிப்பில் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு என்று கேட்டார்கள். "எங்க அக்கா பத்தாவதுதான், அவங்களுக்குக் கிடைச்சுதே" என்று நினைத்து எழுதினால் ஏமாற்றம்தான். பத்தாவதில் விட்டுப்போன பாடம் இருந்தால் தனித்தேர்வராக எழுதலாம். வயதைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பெட்டியில் மடித்து வைத்திருக்கும் அட்டையை இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் எடுத்து, தேதியைப் பாருங்கள்.

இனிஷியல் பிரச்சினை

இது நம் பெண்களுக்கு மட்டுமே வரும் பிரச்சினை. மதிப்பெண் சான்றிதழில் அப்பா இனிஷியல். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் கணவர் பெயர். வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி. இதைப் பார்க்கிறவர், "இது இரண்டும் ஒரே ஆளா?" என்று கேட்பார். அதனால் விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். அடுத்து தந்தை பெயர், கணவர் பெயர் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். ஆதாரில் எழுத்துப் பிழையோ பிறந்த தேதிப் பிழையோ இருந்தால் ஆதார் மையத்தில் முன்கூட்டியே சரி செய்துவிடுங்கள்.

அனுப்பும்போது

நேரில் கொடுப்பது நல்லது. இன்னொரு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து, தேதி, முடிந்தால் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்புவதானால், 2025 செப்டம்பர் 1 முதல் பழைய பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதில் உள்ள எண்ணை வைத்துப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கலாம்.

இப்போது பல கடைகளும் கம்பெனிகளும் "வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்கிறார்கள். வெறும் "வேலை இருக்கா சார்?" என்று அனுப்பாதீர்கள். கடிதத்தை நல்ல வெளிச்சத்தில், நிழல் விழாமல் படம் எடுத்து, கூடவே "வணக்கம். நான் இன்னார், இந்த வேலைக்கு விண்ணப்பம் அனுப்பியுள்ளேன்" என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். உங்கள் முகப்புப் படமும் பார்ப்பவர் கண்ணில் படும். கொடுக்கும் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். கணவர் நம்பரைக் கொடுத்தால், அவர் வேலைக்குப் போன இடத்தில் போன் வரும், செய்தி உங்களுக்கு வராது.

அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கேட்டால் நில்லுங்கள்

"மேலிடத்தில் சொல்லி வாங்கித் தர்றேன், இவ்வளவு ஆகும்" என்று ஒருவர் வருவார். போனில், "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, பதிவுக் கட்டணம் கட்டுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று ஒருவர் பேசுவார். இரண்டும் ஏமாற்று வேலை. அறிவிப்பிலேயே அச்சிட்ட கட்டணம், அதுவும் ரசீதோடு என்றால் மட்டுமே கட்ட வேண்டும். வேலை வாங்கக் குழுவில் கடன் எடுத்துப் புரோக்கரிடம் கொடுத்தால், வேலையும் வராது, கடனும் நிற்கும். ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

பதில் வராவிட்டால்

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு முறை போன் செய்து கேட்கலாம், தப்பில்லை. அரசு அலுவலகமாக இருந்து, தேர்வு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கிடைக்கவில்லை என்றால் உடனே "நமக்கு ராசி இல்லை" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு இடத்துக்கு எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். ஒரு கடிதத்தை ஒழுங்காக எழுதிவிட்டால் அடுத்த இடத்துக்கு அதில் பாதி வேலை மிச்சம். அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல், தேதியோடு ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். கணக்கு வைப்பது நமக்குப் புதிதா என்ன?

இப்போது ஒரு வேலை தருகிறோம். பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி சேருங்கள். ஒருவர், போன ஒரு வருஷத்தில் தான் செய்ததை எல்லாம் வாயால் சொல்லட்டும். மற்றவர் அதை எண்ணிக்கையோடு எழுதட்டும். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். நம்மைப் பற்றி நாமே எழுத நமக்குக் கூச்சம் வரும். பக்கத்தில் இருக்கிறவளுக்கு நம் உழைப்பு நன்றாகத் தெரியும். எழுதப் படிக்கச் சிரமப்படும் சகோதரி சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அதை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். அது அவருடைய கடிதம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் குறைந்தது ஒரு விண்ணப்பம் எழுதிக் கொண்டு வாருங்கள். சேர்ந்து திருத்துவோம்.